திருவிழாக் கடையில் வாங்கிய பச்சை லேசர், பாப்பா கண்ணில் பட்டுவிட்டது: என்ன செய்யணும்?

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். மாசி மகத்துக்குக் குடும்பத்தோட தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தோம். தீர்த்தவாரி முடிஞ்சு சாமியெல்லாம் திரும்புற நேரம். ராட்டினத்துக்குப் பக்கத்துல தார்ப்பாய் விரிச்சு விளையாட்டுச் சாமான் வித்துக்கிட்டிருந்தாங்க. பையன் அங்க ஒரு பச்சை லேசர் வாங்கினான். ஏழாவது படிக்கிறான். 250 சொன்னாங்க, பேசி 180க்கு வாங்கினோம். நானேதான் காசு கொடுத்தேன்.

பேனா மாதிரி இல்ல, கை டார்ச் அளவு தடிமன். உள்ளே சார்ஜ் போடுற பேட்டரி, பின்னாடி பூட்ட ஒரு குட்டிச் சாவி. மஞ்சள் ஸ்டிக்கர்ல 5 மில்லிவாட்டுக்குக் கீழன்னு அச்சடிச்சிருக்கு. மொட்டை மாடியில நின்னு அடிச்சா ரெண்டு தெரு தள்ளி இருக்கிற தண்ணி டேங்குல பச்சைப் பொட்டு விழுது. போன ஞாயிறு பிறந்தநாள் பலூன்ல கருப்பா இருந்த ஒண்ணு மேல அடிச்சான், ரெண்டு மூணு செகண்டுல வெடிச்சிடுச்சு. அப்பவே எனக்கு மனசு ஒரு மாதிரி ஆச்சு, ஆனா வாங்கி வைக்கலை.

நேத்து ராத்திரி கரண்ட் போயிருந்தது. பையன் சுவத்துல அடிச்சு விளையாடிக்கிட்டிருந்தான். பாப்பாவுக்கு அஞ்சு வயசு, யு.கே.ஜி. படிக்கிறா. குறுக்க ஓடி வந்தவ திரும்பிப் பார்த்திருக்கா. கண்ணுல பட்டது ஒரு செகண்டு கூட இருக்காது. கத்தலை, அழலை. "பச்சையா ஒரு பொட்டு தெரியுதுப்பா"ன்னு மட்டும் சொன்னா. அரை மணி நேரத்துல போயிடுச்சுன்னா. காலையில பால் குடிச்சிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டா. ஆனா எனக்குத்தான் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

டாக்டர்கிட்ட காட்டணுமா, இல்ல தானா சரியாயிட்டதுன்னு விடலாமா? ஸ்டிக்கர்ல போட்டிருக்கிறது உண்மைன்னா பலூன் எப்படி வெடிச்சது? வீட்டுல அதைக் கெடிலம் ஆத்துல வீசிட்டு வாங்கங்கிறாங்க. பையன் விடமாட்டேங்கிறான். புதுச்சேரி பீச்சுல ஒருத்தர் நட்சத்திரம் காட்டும்போது இதே மாதிரி பச்சை லேசர் வச்சுத்தான் காட்டினாராம், அதே மாதிரி தானும் தங்கச்சிக்குக் காட்டணுமாம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

நெல்லிக்குப்பம் டைல்ஸ்:

அண்ணா, ரொம்பப் பயந்துக்காதீங்க. நான் டைல்ஸ் போடுறவன். நாலு வருஷமா பச்சை லேசர் லெவல் வச்சுத்தான் வேலை. முன்னாடி ரசமட்டம், டியூப் லெவல்னு ரெண்டு ஆள் வேணும். டியூபுல காத்துக்குமிழி மாட்டிக்கிட்டா ஒரு ஹாலுக்கு மட்டம் பிடிக்கவே அரை நாள் போயிடும். இப்ப ஸ்டாண்டுல மெஷினை வச்சா சுவத்துல சுத்திக் கோடு விழுந்துடும், தனி ஆளா முடிச்சிடுறேன். குனிஞ்சு நிமிரும்போது அந்தக் கோடு கண்ணுல எத்தனையோ தடவை பட்டிருக்கு. ஒண்ணும் ஆகலை.

ஆனா பலூன் வெடிச்சதுன்னு சொல்றீங்களே, அது எனக்குப் புதுசு. என் மெஷின் முன்னாடி கையை வச்சா சூடே தெரியாது.

—

கண் பரிசோதனைக்காரி:

நான் புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனையில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மருத்துவர் இல்லை. தினமும் விழித்திரை ஸ்கேன் எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: பாப்பாவைக் கட்டாயம் காட்டுங்கள். நாளைக்கே காட்டுங்கள்.

அழவில்லை, வலி இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. தோலில் சுட்டால் கையை இழுப்போம், உள்ளே விழித்திரையில் சுட்டால் உடம்புக்குச் செய்தியே வராது. கண் சிவக்காது, நீர் வடியாது. பார்வையின் நடுவில் ஒரு மங்கல் வந்த பிறகுதான் தெரியும். குழந்தைகளிடம் அதுவும் தெரியாது. ஒரு கண்ணில் குறை என்றால் இன்னொரு கண் ஈடுகட்டிவிடும், அவர்கள் வழக்கம்போல ஓடி ஆடிக்கொண்டிருப்பார்கள்.

பச்சைப் பொட்டு அரை மணி நேரத்தில் போய்விட்டது என்பது நல்ல அறிகுறிதான். கேமரா ஃபிளாஷ் அடித்தால் சற்று நேரம் நிழல் மிதக்குமே, அந்த வகை. பயப்பட வேண்டியது மறுநாளும் அதே இடத்தில் நிற்கிற பொட்டுக்கு. இன்று மாலை வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கணக்கு நோட்டுக் கட்டத்தாளில் நடுவே மையால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடி, படிக்கிற தூரத்தில் பிடித்து, புள்ளியையே பார்க்கச் சொல்லுங்கள். சுற்றியுள்ள கோடுகள் எல்லாம் நேராக இருக்கிறதா, எங்காவது வளைகிறதா, ஏதாவது கட்டம் காணவில்லையா என்று கேளுங்கள். பிறகு அடுத்த கண். அஞ்சு வயதுக் குழந்தை சரியாகச் சொல்லாமல் போகலாம், அதனால் இதில் தேறினாலும் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அங்கே சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பார்கள், விழித்திரையின் அடுக்குகளைப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள். தொடவே மாட்டார்கள், வலிக்காது. தலையை ஆட்டாமல் இரண்டு மூன்று நொடி இருந்தால் போதும். விழித்திரை மருத்துவர் இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். கடையில் சொட்டு மருந்து வாங்கி நீங்களே விட வேண்டாம், எந்தச் சொட்டும் விழித்திரைச் சூட்டை ஆற்றாது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மேசைக்கு ஒரு பையன் வந்தான், பன்னிரண்டு வயது. கண்ணாடியில் தன் லேசரைத் தானே அடித்து விளையாடியிருக்கிறான். வீட்டில் அடி விழும் என்று மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. கரும்பலகையில் சொல்லின் நடு எழுத்து காணாமல் போகிறது என்று ஆசிரியர்தான் கண்டுபிடித்து அனுப்பினார். அந்த ஸ்கேன் படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்கள் பையனைத் திட்டாதீர்கள் சார். முதலில் அவன் கண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள். அவனிடம் தனியாக உட்கார்ந்து, கண்ணாடியில் அடித்துப் பார்த்தானா என்று அமைதியாகக் கேளுங்கள்.

—

முத்தியால்பேட்டை வாத்தியார்:

தம்பி, மேலே அந்தப் பெண் சொன்னதுதான் முதல் வேலை. அதை முடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பௌர்ணமி இல்லாத சனிக்கிழமைகளில் கடற்கரைச் சாலையில் தொலைநோக்கி வைத்து வானம் காட்டுகிறவர்களில் ஒருவன். உங்கள் மகன் பார்த்தது என்னையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் இதில் எனக்கும் பொறுப்பு உண்டு, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்டிக்கர் பொய். 5 மில்லிவாட் கதிரால் பலூனை வெடிக்க வைக்க முடியாது. உங்கள் கையில் இருப்பது அதைப்போலப் பல மடங்கு. எத்தனை மடங்கு என்று அளக்காமல் சொல்ல மாட்டேன். இது உங்கள் ஊர்த் திருவிழாக் கடையின் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவின் தேசியத் தர அளவை நிறுவனம் 2013ல் 122 கை லேசர்களை வாங்கி அளந்தது. பச்சையில் கிட்டத்தட்ட 90 விழுக்காடும் சிவப்பில் 44 விழுக்காடும் அந்த நாட்டு விதிக்கு உட்படவில்லை. ஆய்வகத்துக்கே இந்தக் கதி என்றால் தார்ப்பாய்க் கடையில் என்ன எதிர்பார்ப்பது?

லேசர்களைச் சக்தியை வைத்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1 மில்லிவாட்டுக்குள் இருப்பது வகுப்பு 2. அதில் ஒரு காப்பு இருக்கிறது: கூசினால் கால் நொடிக்குள் நாமே கண்ணை மூடிவிடுவோம், அந்தக் கால் நொடியில் உள்ளே போவது தாங்கக்கூடிய அளவு. 1 முதல் 5 வரை வகுப்பு 3ஆர், 5 முதல் 500 வரை 3பி, அதற்கும் மேல் வகுப்பு 4. இமைக்கும் வேகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். 50 மில்லிவாட் கதிர் அதே கால் நொடியில் 50 மடங்கை உள்ளே இறக்கிவிடும். போதாததற்கு, நம் கண்ணின் லென்ஸ் அந்தக் கதிரைத் தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லாத புள்ளியாகக் குவிக்கிறது. கண்மணியில் விழும்போது இருந்த செறிவு விழித்திரையில் லட்சம் மடங்கு வரை ஏறும்.

டைல்ஸ் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் லெவலில் கதிரை ஒரு லென்ஸ் விசிறியாக விரித்துக் கோடாக்குகிறது. உங்கள் கண்ணுக்குள் போவது அந்த விசிறியின் ஒரு கீற்று மட்டும். நல்ல லெவல்கள் பெரும்பாலும் வகுப்பு 2. அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் ஸ்டாண்டைக் கண் மட்டத்துக்கு வைக்காதீர்கள். முழங்கால் உயரத்திலோ தலைக்கு மேலோ வைத்து, கோட்டை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி பச்சைக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல். சிவப்பு லேசரில் வரும் ஒளி மின்சாரத்தை ஒளியாக்கும் டயோடு என்ற சின்னச் சில்லிலிருந்து நேராக வருகிறது, அலைநீளம் பெரும்பாலும் 650 நானோமீட்டர். இந்த வகை மலிவுப் பச்சையில் அப்படி இல்லை. உள்ளே 808 நானோமீட்டரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு டயோடு ஒன்று இருக்கிறது. அது ஒரு படிகத்தைத் தூண்ட, 1064ல் இன்னொரு அகச்சிவப்பு பிறக்கிறது. அதை அடுத்த படிகம் பாதியாக்கி 532 ஆக்குகிறது. நாம் பார்க்கும் பச்சை அதுதான். மிச்சமான அகச்சிவப்பை நிறுத்த முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். மலிவு விலைக்காரர்கள் முதலில் வெட்டுவது அந்தக் கண்ணாடியைத்தான். பச்சை மங்கினால் "சார்ஜ் இறங்கிவிட்டது, இனி ஆபத்தில்லை" என்று நினைப்போம். பச்சை மங்கியும் அகச்சிவப்பு கொட்டிக்கொண்டிருக்கலாம். அதற்குக் கண் கூசாது, இமை மூடாது.

இதை நான் என் கண்ணால் பார்த்தேன், நேரடியாக அல்ல, பழைய வெப்கேம் வழியாக. 2010ல் முன்பு சொன்ன அதே அமெரிக்க அளவை நிறுவனத்தார் வீட்டுச் சாமான்களை வைத்துச் செய்யும் ஒரு சோதனையை வெளியிட்டிருந்தார்கள். குறுந்தகடு ஒன்று, அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத வெப்கேம் ஒன்று. கேமராவுக்கு அகச்சிவப்பு தெரிகிறதா என்று பார்க்க டிவி ரிமோட்டை அதன்முன் அழுத்தினால் போதும், வெள்ளையாக மின்னும். குறுந்தகட்டின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் பட்டு வரும் ஒளி அலைநீளத்துக்கு ஏற்பப் பிரிந்து நிற்கும்: பச்சையின் முதல் புள்ளி 19 பாகையில், இரண்டாவது 42 பாகையில். 1064ன் புள்ளியும் சரியாக அந்த 42லேயே விழுவதால் அது பச்சைக்குள் ஒளிந்துவிடும். ஆனால் 808 முப்பது பாகையில், இரண்டு பச்சைக்கும் நடுவில் வரவேண்டும். அங்கே என் கண்ணுக்கு வெறும் வெள்ளைத் தாள். கணினித் திரையில் அதே இடத்தில், பக்கத்துப் பச்சையைவிடப் பளிச்சென்று ஒரு புள்ளி. அதுவரை ஒரு வருடம் அந்த லேசரைத்தான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் நடுவே நின்றிருக்கிறேன். அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தச் சோதனையை உங்கள் லேசரில் வீட்டில் செய்ய வேண்டாம். தகட்டிலிருந்து தெறிப்பதும் கண்ணுக்கு ஆபத்துதான்.

நிறத்தை வைத்தும் எடை போடாதீர்கள். பச்சைக்கு நம் கண் அதிகம் கூசும், அதே சக்தியுள்ள சிவப்பைவிட எட்டு மடங்கு வெளிச்சமாகத் தெரியும். 405 நானோமீட்டர் ஊதாவோ மங்கலாகத் தெரியும், ஆனால் சுடுவதில் குறைவில்லை. மங்கலாக இருக்கிறதே என்று பிள்ளைகள் உற்றுப் பார்ப்பார்கள், அதுதான் எனக்குப் பெரிய பயம்.

மொட்டை மாடியில் அடிப்பதும் வேண்டாம். கதிர் போகப் போக விரியும்: 100 மீட்டரில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர், ஒரு கிலோமீட்டரில் ஒரு மீட்டர். தூரத்தில் சுடாது, ஆனால் கண்ணை மறைக்கும். விமானி அறைக் கண்ணாடியில் பட்டால் கண்ணாடி முழுவதும் பச்சையாகச் சிதறும். அமெரிக்காவில் 2023ல் மட்டும் விமானங்கள் மீது லேசர் அடித்ததாக 13,304 புகார்கள். எங்கள் லாஸ்பேட்டையிலும் ஓடுதளம் இருக்கிறது. தரை இறங்கும் கடைசி நிமிடத்தில் விமானிக்குக் கண்தான் எல்லாம்.

போரில் எதிரியின் கண்ணை நிரந்தரமாகக் குருடாக்கும்படி வடிவமைத்த லேசர் ஆயுதம் கூடாது என்று 1995ல் வியன்னாவில் உடன்படிக்கை செய்தார்கள், 1998ல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. துப்பாக்கி ஏந்திய படைவீரனுக்கே அந்தக் காப்பு இருக்கும்போது யு.கே.ஜி. குழந்தைக்கு வேண்டாமா?

நாங்கள் வானம் காட்டும்போது எப்படிப் பிடிக்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். அளந்து பார்த்து வாங்கிய ஒன்று மட்டும். கூட்டம் என் முதுகுக்குப் பின்னால். கை தலைக்கு மேல். விமான விளக்கு ஏதாவது நகர்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டு நொடி, பிறகு அணைத்துவிடுவேன். எந்தப் பிள்ளை கெஞ்சினாலும் கையில் கொடுப்பதில்லை.

உங்கள் மகனிடம் சொல்லுங்கள், தங்கைக்குக் காட்ட லேசரே வேண்டாம். இந்த மாதத்தில் முன்னிரவில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும், அது வேட்டைக்காரன் என்ற விண்மீன் கூட்டத்தின் இடுப்பு. அந்த வரிசையைத் தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே மிக ஒளியான சிரியஸ். வடமேற்கே நீட்டினால் ரோகிணி. இடுப்புக்கு வடக்கே சிவப்பாக இருப்பது திருவாதிரை. தெற்கே, கொஞ்சம் தாழ்வாக, அகத்தியர் நட்சத்திரம். விரல் நீட்டியே காட்டலாம்.

லேசரைக் கெடிலத்தில் வீசாதீர்கள், பேட்டரி ஆற்றுக்கு ஆகாது. பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி வரும்போது என்னிடம் கொடுங்கள். பதிலுக்கு அளந்து பார்த்த 1 மில்லிவாட் சிவப்பு ஒன்று தருகிறேன், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பயன்படுத்த.

—

ஓ.டி. ஃபைபர் போட்டு:

வாத்தியார் ஐயா விமானத்தைச் சொன்னாரு, நான் படகைச் சொல்றேன். நாங்க கடலூர் முதுநகர். அதே மாசி மகத்தன்னைக்கு ராத்திரி ஃபைபர் படகுல கரைக்கு வந்துக்கிட்டிருந்தோம். முகத்துவாரம் நுழையறது லேசு இல்ல. மணல் மேடு எங்க இருக்குன்னு ஒவ்வொரு வாரமும் மாறும், ரெண்டு பக்கமும் கல்லு. அலையோட முதுகுல ஏறி, கரை விளக்கைக் கணக்கு வச்சு, சரியான நேரத்துல உள்ளே விடணும். அந்த நேரம் பார்த்துக் கரையிலேருந்து பச்சை லைட்டு. யாரோ பசங்க படகு மேல அடிச்சுப் பார்த்திருக்காங்க. சுக்கான் பிடிச்சிருந்தது என் மாமா. "கண்ணு போச்சுடா"ன்னு கத்தினாரு. ஒரு நிமிஷம் எதிர்ல ஒண்ணும் தெரியலை அவருக்கு. நான் முன்னாடி நின்னு இடது வலதுன்னு கத்திக் கத்தித்தான் உள்ளே வந்தோம். படகுல நாலு பேரு.

உங்க பையனைச் சொல்லலைண்ணா. அவன் வயசுப் பசங்க எல்லாரு கையிலயும் அன்னைக்கு அது இருந்துச்சு. கடல் பக்கம் மட்டும் அடிக்க வேணாம்னு பள்ளிக்கூடத்துல சொல்லச் சொல்லுங்க.

—

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் ஆச்சு, என்ன நடந்ததுன்னு எழுதிடறேன்.

மறுநாளே ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போனோம். பாப்பாவுக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை காட்டச் சொன்னாங்க. கண் பரிசோதனை அம்மா, நீங்க கேட்கச் சொன்ன மாதிரி பையன்கிட்ட தனியா கேட்டேன். முதல்ல இல்லன்னான். அப்புறம் அழுதுட்டான். வாங்கின அன்னைக்கே பாத்ரூம் கண்ணாடியில அடிச்சுப் பார்த்திருக்கான். வலது கண்ணுல நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி சின்னதா ஒரு தழும்பு இருக்குன்னு டாக்டர் படத்துல காட்டினார். நடுவுல இல்லாததால படிக்கிறதுக்குத் தொந்தரவு இல்ல, ஆனா அந்த இடம் முழுசா பழையபடி ஆகும்னு சொல்ல முடியாதுன்னார். நீங்க எழுதலைன்னா நான் பாப்பாவை மட்டும்தான் கூட்டிட்டுப் போயிருப்பேன்.

ஓ.டி. அண்ணா, உங்க பதிலைப் பையனையே சத்தமா படிக்கச் சொன்னேன். தேவனாம்பட்டினத்துல அன்னைக்குக் கடல் பக்கம் அடிச்சவங்கள்ல தானும் ஒருத்தன்னு சொன்னான். உங்க மாமாகிட்ட வந்து மன்னிப்புக் கேக்கணுங்கிறான். எப்ப வந்தா கரையில இருப்பீங்கன்னு சொல்லுங்க, கூட்டிட்டு வரேன்.

ஞாயித்துக்கிழமை முத்தியால்பேட்டை போய் ஐயாவைப் பார்த்தோம். பச்சையை அவர்கிட்ட கொடுத்தாச்சு. சிவப்பு ஒண்ணு கொடுத்தார், கூடவே ஒரு வேலையும் சொல்லிக் கொடுத்தார். லேசரைப் புத்தக அடுக்கு மேல அசையாம வச்சு, முன்னாடி ஒரு தலைமுடியை டேப்பால நிமித்தி ஒட்டி, ரெண்டு மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவத்துல விழுறதைப் பாக்கணும். ஒரு பொட்டா விழாம, நடுவுல பெரிய வெளிச்சமும் ரெண்டு பக்கமும் விட்டு விட்டுச் சின்ன வெளிச்சமுமா நீளமா விழுது. நடு வெளிச்சத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற இருட்டுக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு ஸ்கேல் வச்சு அளந்தா முடியோட பருமன் வந்துடும். முடி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு அகலமா விரியும்.

ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து அளந்தோம். என் முடிக்கு 4 சென்டிமீட்டர் வந்தது. பையன் கணக்கு நோட்டுல போட்டுப் பார்த்து 65 மைக்ரான்னு சொன்னான். பாப்பா முடிக்கு 5 சென்டிமீட்டர், 52 மைக்ரான். பிள்ளைங்க அம்மாவோட முடியை இன்னும் அளக்கலை, எண்ணெய் தேய்ச்சிருக்கா, தலை குளிச்சதும் தரேன்னு சொல்லியிருக்கா.